மாங்குளம் சந்தியின் கதையை எங்கள் பிள்ளைகள் எழுத வழிசெய்யுங்கள்

வடக்கு மாகாணக் கல்வித் திணைக்களத்தினருக்கு,

வணக்கம்.

ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் போகிறவர்கள் பலர் மாங்குளத்தில் நிற்பதில்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் அவசரம் அவர்களுக்கு. ஆனால் இது வன்னியின் நெஞ்சுப்பகுதி. கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக் கடல்; மேற்கே துணுக்காய், மல்லாவி, அப்பால் வெள்ளாங்குளத்தில் மன்னார்–பூநகரி வீதி. பாலையும் முதிரையும் வளர்ந்த காடு, மாரி மழையை நம்பிய குளங்கள், இரணைமடுவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கனகராயன் ஆறு, எல்லாம் பக்கத்தில்தான்.

சந்தியைப் பிடித்தவர் கையில் வன்னியின் குறுக்கும் நெடுக்கும் வந்துவிடும். அதனால்தான் இவ்வளவு அடி. 1990 நவம்பரில் இங்கிருந்த இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. 1998இல் இராணுவம் திரும்ப வந்தது, 1999இல் புலிகள், 2008 நவம்பரில் மறுபடி இராணுவம். சனம் ஒவ்வொரு தடவையும் மூட்டை கட்டியது. 1905 முதல் ஓடிய வடக்குப் புகையிரதம் 1990இல் நின்றது; தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குள் போயின. 2013 செப்டெம்பரில்தான் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் ஓடியது.

இந்தத் திகதிகளைப் படைகளின் கணக்கு வைத்திருக்கும். எந்தக் குளத்தை யார் வெட்டினார்கள், சந்தியில் யாருடைய கடைகள் இருந்தன, பாலைப்பழக் காலத்தில் எந்தக் காட்டுக்குப் போனார்கள் என்பதை யார் வைத்திருக்கிறார்கள்? ஒட்டுசுட்டான் பக்கத்துக் கற்சிலைமடுவில் வெள்ளையர் நட்ட கல், 1803இல் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தாங்கள் தோற்கடித்ததை மட்டுமே சொன்னது. வென்றவர் எழுதினால் அப்படித்தான்.

ஆகவே கேட்கிறேன்: மாங்குளத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த மேல்வகுப்பு மாணவர்கள், ஆசிரியர் துணையோடு பெரியவர்களிடம் கேட்டு ஊர் வரலாற்றையும் குளங்களின் பெயர்களையும் பழைய காட்டுப்பாதைகளையும் எழுதிப் படம் வரைய ஒரு செயற்றிட்டம் தாருங்கள். வெடிபொருள் அபாயம் இருந்த மண் என்பதால் பிள்ளைகளைக் காட்டுக்குள் அனுப்ப வேண்டாம். திண்ணையில் இருந்து கேட்டாலே போதும். தொகுப்பின் ஒரு பிரதி பாடசாலை நூலகத்திலும் இன்னொன்று மாகாணத்திடமும் இருக்கட்டும்.

1990இல் கடைசி ரயிலுக்குக் கைகாட்டிய பிள்ளைக்கே இப்போது நாற்பது தாண்டிவிட்டது. அதற்கு முந்திய மாங்குளத்தைச் சொல்லக்கூடியவர்கள் எழுபது, எண்பதில் இருக்கிறார்கள். அடுத்த தவணைக்குள் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
மாங்குளம் வாசி ஒருவர்