வீட்டுக்கல்வி தொடங்கப் போகிறவர்களுக்கு

வணக்கம். வீட்டுக்கல்வி அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும். விதிகள்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் அரசுக்குத் தகவல்கூடத் தர வேண்டியதில்லை. நியூயார்க் நேர்மாறு: ஜூலை 1-க்குள் விருப்பக் கடிதம் (வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு), அப்புறம் பாடத்திட்டம், 4 காலாண்டு அறிக்கைகள், ஆண்டு இறுதி மதிப்பீடு. கல்வியாண்டின் நடுவில் தொடங்கினால் கடிதத்துக்கு 14 நாள் அவகாசம்.

பிள்ளை இப்போது பள்ளியில் படித்தால், விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து நகலைப் பத்திரப்படுத்துங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சும்மா அனுப்பாமல் நிறுத்தினால் காரணமில்லாத விடுப்பாகப் பதிவாகும்; பிறகு விளக்கம் சொல்லி மாளாது. புத்தகம் வாங்குவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

உங்கள் மாநிலக் கல்வித்துறையின் இணையதளத்தை முதலில் பாருங்கள். இந்தக் குழுவில் கேள்வி கேட்கும்போது மாநிலத்தின் பெயரையும் பிள்ளையின் வயதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.