பிளாஸ்கும் விண்கப்பலும்

ஹப்புத்தளை
ஜூலை 3

மச்சான்,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன், பாதிக்கு மேல் தகரத்தில் மழை விழும் சத்தம்தான். மஸ்கெலியாவில் ஒரு வாரமாக விடவில்லை என்கிறாய், இங்கே துணி காயப்போட்டால் காற்று அள்ளிக்கொண்டு போய்க் கீழ் லயத்தில் போடுகிறது. நேர்கோட்டில் பார்த்தால் நமக்கு நடுவில் 50 கிலோமீட்டர் கூட இல்லை. அதே தென்மேற்குக் காற்றுதான், உங்கள் சரிவில் இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி வெறுங்கையோடு எங்கள் ஊவா மாகாணத்துக்கு வருகிறது. அந்த வறட்சியில்தான் எங்கள் தேயிலைக்கு வாசம் ஏறும், அதனால் பெக்டரியில் இப்போது இராப்பகல் வேலை. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம், கோபிக்காதே.

அப்புறம் உன் மகளின் கேள்வி. விண்வெளிச் சண்டைத் தொடர்களில் காட்டுவதெல்லாம் நடக்குமா, மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றாளாம். பத்தாம் வகுப்பில் விஞ்ஞானப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாம் இருவரும் போட்ட சண்டையை அவளிடம் சொல்லியிருக்கிறாய் போல.

ஒளியை விட வேகமாகப் போவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சூரியனுக்கு அடுத்த நட்சத்திரமான ப்ரொக்சிமா 4.24 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, 1977இல் புறப்பட்ட வொயேஜர் 1 விண்கலம் நொடிக்கு ஏறக்குறைய 17 கிலோமீட்டர் ஓடுகிறது, அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் போக 75,000 வருடம் ஆகும். இதை வைத்து யார் கதை எழுதுவது? 1994இல் அல்குபியேரே என்ற மெக்சிக்கோ இயற்பியலாளர் ஒரு வழி காட்டினார், கப்பலுக்கு முன்னால் வெளியைச் சுருக்கிப் பின்னால் விரிப்பது. ஐன்ஸ்டீனின் சமன்பாடு அதற்கு இடம் கொடுக்கிறது, ஆனால் எதிர்மறை ஆற்றல், அதாவது வெற்றிடத்தில் இருப்பதைவிடவும் குறைந்த ஆற்றல் வேண்டும், அது அவ்வளவு அளவில் எங்கேயும் கிடையாது. சரி, கதை நகர வேண்டும், அந்த ஒரு பொய்யைக் கடனாகக் கொடுத்துவிடலாம்.

என்னால் பொறுக்க முடியாதது சூடு. தேயிலை உலர்த்தும் டிரையர் பக்கத்தில் இருபது வருடம் நின்றவன், சூட்டை வெளியே அனுப்புவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். விண்வெளி குளிர், கப்பல் உறைந்துவிடும் என்று காட்டுகிறார்கள் பார், அங்கேதான் சிரிப்பு வரும். இராத்திரி வேலைக்கு நான் பிளாஸ்கில் கொண்டுபோகிற சாயத்தண்ணி விடியும்வரை சூடாக இருக்கிறதே, ஏன்? இரண்டு சுவருக்கும் நடுவில் காற்றே இல்லை, சூடு தொற்றிக்கொண்டு போக ஆளில்லை. விண்கப்பல் அந்த பிளாஸ்குக்குள் இருக்கிற சாயத்தண்ணி மாதிரி. கதிர்வீச்சாக மட்டும்தான் சூடு வெளியே போகும், அதற்குப் பெரிய தகடுகள் வேண்டும், சர்வதேச விண்வெளி நிலையத்தில்கூட அமோனியா ஓடும் வெள்ளைத் தகடுகள் விரிந்து கிடக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டுப் பார்த்தேன். நுரைச்சோலை அனல்மின் நிலையம் கொடுப்பது 900 மெகாவாட், ஒரு சண்டைக் கப்பல் அவ்வளவு சூட்டைக் கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள். தகடு நம் வீட்டுக்குள் இருக்கிற வெப்பத்தில், 27 பாகை செல்சியசில் இருந்தால், இரண்டு பக்கமும் வீசினாலும் 240 ஏக்கர் தகடு வேண்டும், ஒரு டிவிசன் தேயிலை மாதிரி! அதையே 727 பாகைக்குச் சூடாக்கிச் சிவக்க விட்டால் 2 ஏக்கர் போதும், ஏனென்றால் தனிப்பூச்சியத்திலிருந்து, அதாவது −273 பாகையிலிருந்து எண்ணும் வெப்பநிலையின் நாலாம் அடுக்கில் வீச்சு கூடுகிறது. ஆக நிஜமான போர்க்கப்பலுக்குத் தணல் மாதிரி சிவந்த சிறகுகள் இருக்கும், எவ்வளவு அழகாக இருக்கும் யோசித்துப் பார், ஒருவனும் அதைக் காட்டமாட்டேன் என்கிறான். இருட்டில் ஒளிந்து வருவதெல்லாம் நடக்காது. தணலை எங்கே ஒளிப்பது?

அடுத்தது கிரகங்கள். ஒரு கிரகம் முழுக்கப் பாலைவனம், இன்னொன்று முழுக்கக் காடு. உனக்கு மழையும் எனக்கு வெயிலுமாக ஒரே நாளில் இரண்டு காலம் பார்க்கிற நாம் இதை நம்புவோமா? ஆனால் உன் மகள் செவ்வாயைக் காட்டி மடக்குவாள், மடக்கட்டும், காற்று மிக மெல்லியதாய், கடலே இல்லாத இடத்தில் அது சாத்தியம்தான், அங்கேயும் துருவங்களில் பனி இருக்கிறது என்று மட்டும் சொல். தொடர்களில் வரும் பாலைவனத்தில் எல்லாரும் முகமூடி இல்லாமல் மூச்சு விடுகிறார்கள், செடி கொடி பாசி ஒன்றுமில்லாமல் அந்த ஒட்சிசன் எங்கிருந்து வருகிறது? அதைக் கேட்கச் சொல் அவளை.

விஞ்ஞானக் கதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கை எனக்குப் பிடிப்பது இதனால்தான். 1956இல் இங்கே வந்து கடைசிவரை இருந்த மனுசன், 1979இல் எழுதிய நாவலில் உன் வாசலில் தெரிகிற சிவனொளிபாதமலையை மாதிரியாக வைத்து ஒரு மலை உச்சியிலிருந்து விண்ணுக்கு மின்தூக்கி கட்டினார். அதற்கு மலை பூமத்திய ரேகையில் இருந்தால்தான் சரிவரும், நாமோ ஏழு பாகை வடக்கே இருக்கிறோம். என்ன செய்தார் தெரியுமா, தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளி வைத்துவிட்டு, தள்ளினேன் என்று ஒளிக்காமல் சொன்னார். இப்படி ஒருவர் சொல்லிவிட்டுச் செய்தால் நான் ஏன் முறைக்கப் போகிறேன்?

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, உன்னை விசாரித்தார். இந்த மாத நடுவில் இரண்டு நாள் லீவு போட்டு மகளையும் கூட்டிக்கொண்டு வா, மழையிலிருந்து தப்பின மாதிரியும் இருக்கும். எங்கள் வீட்டு முன்னால் தெற்குப் பக்கம் மலை சட்டென்று இறங்கிவிடும், கீழே சமவெளி மட்டும்தான். மூடுபனி ஏறாத நாளில் இராத்திரி ஏழரைக்கு அந்தச் சமவெளிக்கு மேலே தாழ்வாக, ப்ரொக்சிமாவின் குடும்பத்து நட்சத்திரமான ஆல்ஃபா செண்டாரி தெரியும். ப்ரொக்சிமா கண்ணுக்குப் படாது, அந்த வீட்டு மூத்தவர்களையாவது அவள் பார்த்துவிட்டுப் போகட்டும். குளிருக்குச் சுவெட்டர் மறக்காதே.

உன்
பழைய வாங்குத் தோழன்