வெற்று மாத்திரை விழுங்கியவர்களுக்கும் சேர்த்து

அன்புள்ள எல்லோருக்கும்,

பெயர் தெரிந்தவர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல் பெரும்பாலும் பெயர் தெரியாதவர்களுக்கு.

முதலில், எக்கோ எடுத்த தங்கைக்கு. இரண்டு வருடமாக என் மூச்சுத்திணறலுக்கு ஆஸ்துமா என்று பெயர் வைத்து இன்ஹேலரை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். படி ஏறினால் கண் இருட்டுகிறது என்று சொன்னபோதெல்லாம், எடையைக் குறைக்கச் சொன்னார்கள். நீங்கள்தான் திரையைப் பார்த்துச் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, அப்படியே படுத்திருங்க, டாக்டரைக் கூப்பிடுறேன்" என்றீர்கள். இதயத்தின் வலப்பக்கம் வீங்கி இடப்பக்கத்தை நெருக்கிக்கொண்டிருந்ததாம். அடுத்த வாரமே கழுத்து வழியாகக் கதீட்டர் விட்டு அளந்தார்கள். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினாலே உயர் அழுத்தம். எனக்கு 52.

அப்புறம், சிகிச்சையைத் தொடங்கிய மருத்துவருக்கு. எனக்கு வந்திருப்பது என்ன என்று சொன்னதோடு நிறுத்தாமல், மாத்திரை உள்ளே போய் என்ன செய்யும் என்பதையும் ஒரு தாளின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினீர்கள். ரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை விடுகிறது. அதனால் தசைக்குள் சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருள் சேர்கிறது, தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. (இந்த நைட்ரிக் ஆக்சைடு சங்கதியைக் கண்டறிந்ததற்குத்தான் 1998-இல் மூவருக்கு நோபல் பரிசு.) ஆனால் பாஸ்போடைஎஸ்டரேஸ்-5 என்ற நொதி, சேர்வதைச் சேரவிடாமல் உடைத்துக்கொண்டே இருக்கிறது. நுரையீரலில் அந்த நொதி நிறையவே உண்டு. நைட்ரிக் ஆக்சைடே குறைந்துபோன என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய இழப்பு. ஊற்றுவதே சொட்டுச் சொட்டாக, அதுவும் ஓட்டைப் பானையில். எனக்குத் தந்த மாத்திரையான சில்டெனாஃபில் ஊற்றுவதைக் கூட்டுவதில்லை, அந்த நொதியைத் தடுத்து ஓட்டையை அடைக்கிறது. "இது நோயை வேரோடு எடுக்காது, இதயத்தின் சுமையைத்தான் குறைக்கும்" என்று அன்றே ஒளிக்காமல் சொன்னதற்குத் தனி நன்றி.

சில்டெனாஃபில் (வயாகராவில் இருப்பதும் இதுதான்) என்றதும் சிரிப்பு வருகிறதா? சீட்டைப் பார்த்த முதல் மருந்துக்கடையிலும் வந்தது. இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் இருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். அந்த வகை நைட்ரேட் மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று விழுந்துவிடும். அந்த ஒரு கேள்வியில் நான் மறுபடியும் நோயாளியானேன், வேடிக்கைப் பொருளாக இல்லாமல். அம்மா, உங்களுக்கு என் வணக்கம்.

அந்த மருந்தின் கதையே விசித்திரம்தான். நெஞ்சுவலிக்கு என்று ஆராய்ந்தார்கள், அதில் பெரிதாகச் சோபிக்கவில்லை. 1998-இல் வயாகரா ஆனது. நுரையீரல் தமனி அழுத்தத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2005-இல். 20 மில்லிகிராம், தினம் மூன்று வேளை.

அந்த அனுமதிக்குப் பின்னால் இருந்த ஆய்வில் 278 நோயாளிகள் சேர்ந்தார்கள். 12 வாரம் கழித்து, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று பார்த்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 45 மீட்டர் கூடியிருந்தது. இந்த இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன். வெற்று மாத்திரை எடுத்தவர்கள் சுமார் 70 பேர். அவர்களுக்கும் என்னைப் போலவே மூச்சு வாங்கியிருக்கும். கையில் இருப்பது மருந்தா மாவா என்று தெரியாமலே மூன்று மாதம் விழுங்கி, நடைபாதையில் நடந்து காட்டியிருக்கிறார்கள். அவர்கள் நடந்த குறைந்த தூரம் இல்லையென்றால் அந்த 45-க்கு அர்த்தமே இல்லை.

பலிக்காத ஆய்வுகளில் சேர்ந்தவர்களையும் மறக்க முடியவில்லை. ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிபும் ஒரு நொதித் தடுப்பான்தான். தடித்துப்போன குழாய்ச் சுவரையே அது மெலிய வைக்கலாம் என்று நம்பினார்கள். நடைதூரம் கூடத்தான் செய்தது. ஆனால் சிலருக்கு மூளையின் உறைக்கு அடியில் ரத்தம் கசிந்தது. அந்த வாசல் எனக்குத் திறக்காமல் போனதற்கும் யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள். அவர்களிடம் நன்றி என்ற சொல் கொஞ்சம் கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

தலைவலியும் மூக்கடைப்பும் முதல் மாதம் என்னைப் படுத்தி எடுத்தபோது, அலுக்காமல் தொலைபேசியை எடுத்த செவிலியருக்கும், மூன்று வேளையும் நினைவூட்டிய தம்பிக்கும் தனியாக என்ன சொல்வது? சரி, தம்பிக்கு வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

நடைப் பரிசோதனையில் பக்கத்திலேயே நின்று நிமிடம் சொன்ன பிசியோதெரபிஸ்ட் அண்ணா, முதல் நாள் 270 மீட்டரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, நினைவிருக்கிறதா? மூன்று மாதம் கழித்து நான் வந்தபோது நீங்கள் விடுப்பில் இருந்தீர்கள். 318.

அன்புடன்,
உங்கள் நோயாளி