ராமேஸ்வரத்துக்கு வேன் ஏறி வருகிறவர்களுக்கு

வணக்கமுங்க. போன தடவை அக்னி தீர்த்தக் கரையில் ஈரத்துணி குவிந்து கிடந்ததைச் சொல்லி, “அந்த நகராட்சி என்னதான் பண்ணுது?” என்று இரண்டு நாளாகக் குழுவில் ஓடுகிறது. தை அமாவாசைக்குக் கிளம்பும் முன் ஒரு வார்த்தை.

குப்பை, தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, பிறப்பு இறப்புப் பதிவு என்று நம் கோபிசெட்டிபாளையம் நகராட்சி பார்க்கிற அதே வேலைதான் அங்கேயும். கடல் இருப்பதால் எல்லாமே அவர்கள் கையில் இல்லைங்க. படகுகள் மீன்வளத் துறை, கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்கள் அறநிலையத் துறை. கரையோரம் கட்டடம் எழுப்ப நகராட்சி அனுமதி மட்டும் போதாது. ஏற்றத்தில் கடல்தண்ணி வந்து தொடும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு.

ஆனால் நாம் விட்டுவரும் துணியை அள்ளுவது தூய்மைப் பணியாளர்கள்தான். மணலும் உப்புத்தண்ணியும் ஏறிய வேட்டி என்ன கனம் கனக்கும் என்று துவைத்தவர்களுக்குத் தெரியும். அமாவாசைக்கு வரும் கூட்டம் அந்த ஊரில் வரி கட்டுகிற கூட்டமும் இல்லை.

சரி, ஆளுக்கொரு மஞ்சப்பை கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், 2019 முதல் தடை. துணியைக் கடலில் விட்டால்தான் பாவம் போகும் என்கிற பெரியப்பாமார்களிடம் சண்டை பிடிக்காமல், நைசாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.