வரம்பில் நின்றால் தெரியும் களை

ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோக விதைப்பு நெருங்குகிறது. சேதன நெல் என்றதும் எல்லோரும் பசளையைத்தான் பேசுகிறார்கள். 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோதும் பேச்செல்லாம் யூரியாதான். களைநாசினி அடிக்காத வயலில் விளைச்சலைக் கெடுப்பது பெரும்பாலும் பிந்திப் பிடுங்கிய களை.

புரட்டாதியிலேயே மழை கண்டால் ஓர் உழவு போட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் விடுங்கள். மேல்மண்ணில் கிடக்கும் களை விதை முளைத்ததும் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் கிளறி அழித்துவிட்டு விதையுங்கள். ஆழ உழுதால் அடியில் உறங்கிய விதை மேலே வரும், பட்ட பாடு வீண். கோரை நிற்கும் துண்டில் ரொட்டவேற்றர் வேண்டாம்; தொடராய்க் கிடக்கும் கிழங்குகள் அறுந்து ஒவ்வொன்றும் தனியே முளைக்கும். மழை ஐப்பசி நடுவில்தான் வந்ததென்றால் காத்திராமல் விதைத்துவிடுங்கள். கார்த்திகை வெள்ளத்துக்கு முன் பயிர் ஒரு சாணாவது எழும்ப வேண்டும்.

விதைத்து மழை பெய்த நாலாம் நாள் மண்ணை விரலால் கீறினால் களை வெள்ளை நூலாய்த் தெரியும். ஐரோப்பாவில் சேதனக் கோதுமை செய்பவர்கள் இந்தப் பருவத்தில்தான் முள்ளுவாரி இழுத்துக் களையைப் பெயர்க்கிறார்கள். நம் வீச்சு விதைப்பில் நெல் ஒரே ஆழத்தில் இராது, களையோடு அதுவும் பெயரும். வரிசை விதைப்பில், வெயில் எறிக்கும் நாளில் மட்டும் செய்து பார்க்கலாம்.

மற்றவர்களுக்குக் கையால் பிடுங்குவதுதான் வழி. முதற்களை 15 முதல் 20 நாளுக்குள், அடுத்தது 40 நாளுக்கு முன். அந்த வயதில் நெற்சப்பி என்ற களைப்புல் நெல்லைப் போலவே நிற்கும். இலை தண்டைப் பிடிக்கும் மூட்டை விரித்துப் பாருங்கள்: நெல்லில் வெள்ளைச் சவ்வு நாக்கும் மயிர் முளைத்த சிறு காதும் இருக்கும், சப்பியில் அந்த இடம் மொட்டை. களைக்கு வரும் பெண்களுக்கு இது தெரியும்; கூலி கொடுப்பவர்களுக்குத்தான் தெரிவதில்லை. வரம்பில் நின்றபடியே களை தெரிகிறதென்றால் பிந்திவிட்டது. வேர் பின்னிவிடும், இழுத்தால் நெல்லும் வரும்.

முதற்களை முடிந்ததும் நண்டு வளைகளை அடைத்து இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர் கட்டுங்கள். நிற்கும் நீரில் சப்பி விதை முளைப்பது குறைவு. பிடுங்கிய கோரையை ஈர வரம்பில் எறியாதீர்கள், திரும்ப வேர் பிடிக்கும்.

நெற்செய்கையாளர்கள் சிலர்,
தென்மராட்சி.