மழை நாளில் வீடு பார்ப்போம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் மேசை இருந்த அறையில் பட்டி பார்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு வேலை. இன்றைக்குத்தான் வீடு அமைதியாக இருக்கிறது. சின்னவள் தூங்குகிறாள், அவர் வேலைக்குப் போயிருக்கிறார்.

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. வலிக்கிறது என்று பயிற்சியை மட்டும் விட்டுவிடப் போகிறார், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள். நான் விசாரித்தேன் என்று சொல்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "நீங்கள் வாங்கிய மாதிரியே ஒரு பழைய வீடு வந்திருக்கிறது. அண்ணன் வாங்கலாம் என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது, நீ என்ன சொல்கிறாய்" என்று எழுதியிருந்தாய். வாங்கு என்றோ வேண்டாம் என்றோ இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன், உங்கள் வீட்டோடு ஒப்பிட்டுப் பார்.

நாங்கள் விரும்பி ஒன்றும் பாழடைந்த வீட்டைத் தேடிப் போகவில்லை. மூன்று வருடம் தேடினோம். நாங்கள் முன்பணம் சேர்த்த வேகத்தைவிட விலை ஏறிய வேகம் அதிகம். ஒவ்வொரு முறை கணக்குப் பார்க்கும்போதும் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் போதும் என்று தோன்றும், சேர்த்து முடிப்பதற்குள் அந்த விலையில் வீடே இருக்காது. வாடகையும் வருடா வருடம் ஏறியது. கடைசியில் எங்கள் கைக்கு எட்டியது இரண்டு வகை வீடுகள்தான். ஒன்று, வேலைக்குப் போக வர தினமும் மூன்று மணி நேரம் ஆகிற தூரத்தில். இன்னொன்று, இந்த மாதிரி யாரும் வேண்டாம் என்று விட்டுப்போன வீடு. அதே தெருவில் நல்ல நிலையில் இருந்த வீட்டின் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு இது கிடைத்தது.

முதல் முறை பார்க்கப் போனபோது தரகர் எங்களுக்கு முன்பே வந்து எல்லா ஜன்னலையும் திறந்து வைத்திருந்தார். சுவர்களில் புது வெள்ளை. எனக்கு உடனே பிடித்துவிட்டது. இரண்டாவது முறை சொல்லாமல் கொள்ளாமல் போனோம். கதவைத் திறந்ததும் ஈரமான சாக்கு வாடை. அந்தப் புது வெள்ளைக்கு மேலேயே ஒரு சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் வரைபடம் மாதிரி ஓதம் ஏறியிருந்தது. விரலால் தொட்டால் பெயிண்ட் அப்பளம் மாதிரி நொறுங்கி உதிர்ந்தது, உள்ளே வெள்ளைப் பொடி.

என் கணவர் அப்போதே வேண்டாம் என்றார். ஒரு எஞ்சினீயரிடம் காட்டிவிட்டு முடிவு செய்வோம் என்று நான்தான் நின்றேன். அதற்குக் கொடுத்த கட்டணம்தான் இந்த வீட்டுக்கு நாங்கள் செய்த செலவிலேயே உருப்படியானது என்று இன்றும் சொல்வேன்.

எஞ்சினீயர் ஒரு சின்னச் சுத்தியலோடு வந்தார். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு அறையிலும் தளத்தின் அடிப்பக்கத்தை ஒரு சாணுக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போனார். எல்லா இடத்திலும் 'டக் டக்' என்று கெட்டியான சத்தம். பின்கட்டு அறையில் மட்டும் 'டொப்' என்று கேட்டது, காலிப் பானையைத் தட்டியது மாதிரி. அந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவிட்டு, "இந்த அளவுக்குக் கம்பி துருப்பிடித்திருக்கிறது" என்றார்.

கான்க்ரீட்டுக்குள் இருக்கும் கம்பி எளிதில் துருப்பிடிக்காது, ஏனென்றால் நல்ல கான்க்ரீட்டின் காரத்தன்மை பி.ஹெச். 12, 13 என்ற அளவில் இருக்கும். அது கம்பிக்குக் கவசம் மாதிரி. காற்றில் இருக்கும் கரியமில வாயு வருடக்கணக்கில் மெதுவாக உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். கவசம் போன பிறகு ஈரமும் சேர்ந்தால் துரு ஆரம்பிக்கும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் கான்க்ரீட் உள்ளிருந்து பிதுங்கிப் பிளந்து கீழே விழுகிறது. இதையெல்லாம் ஏணியில் நின்றபடியே அவர் சொன்னார். பின்கட்டு அறையின் ஒரு மூலையில்தான் பாதிப்பு, மற்ற தளமெல்லாம் கெட்டி, அஸ்திவாரம் இறங்கவில்லை, சுவர்கள் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தால் நேராக இருக்கின்றன என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை வைத்துப் பேசித்தான் விலையையும் கொஞ்சம் குறைத்தோம்.

பின்கட்டை முட்டுக் கொடுத்து, கெட்டுப்போன கான்க்ரீட்டைக் கம்பிக்குப் பின்னால் வரைக்கும் கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, மெலிந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டிப் பூசினார்கள். பயந்த அளவுக்கு அது பெரிய வேலையாக இல்லை. என்னைப் பாடாய்ப் படுத்தியது அந்த ஓதச் சுவர்தான்.

மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவர் ஏதோ கெமிக்கல் பெயிண்ட் அடித்தால் போதும் என்றார். இன்னொருவர் எல்லாவற்றையும் கொத்திவிட்டு சிமெண்ட் பூச வேண்டும் என்றார். மூன்றாமவர் இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாம் என்றார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மூன்று பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லையடி. மூன்று வேலையில் எதைச் செய்திருந்தாலும் பணமும் போயிருக்கும், ஈரமும் அங்கேயே இருந்திருக்கும்.

திரும்ப அந்த எஞ்சினீயருக்கே போன் செய்தேன். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள் என்றார். பார்த்தால், தாளின் அறைப்பக்கம் காய்ந்திருந்தது. சுவரை ஒட்டிய பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாய் நீர்த்துளி. அப்படியானால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. துளிகள் அறைப்பக்கம் இருந்திருந்தால், அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது என்று அர்த்தமாம், அதற்கு ஜன்னலைத் திறந்து வைப்பதும் காற்றோட்டமும்தான் வைத்தியம்.

அப்புறம் ஒரு ராத்திரி நல்ல மழை. நானும் அவரும் குடையும் டார்ச்சுமாக வெளியே போய் அந்தச் சுவருக்குப் பின்னால் நின்றோம். மொட்டை மாடித் தண்ணீர் இறங்குகிற குழாயில், பாதி உயரத்தில் இருந்த இணைப்பிலிருந்து தண்ணீர் பிதுங்கி, சுவரோடு ஒட்டியே வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. கீழே கால்வாய்க்கு ஒரு சொட்டுப் போகவில்லை. மறுநாள் குழாயைக் கழற்றினால், உள்ளே இலையும் மண்ணும் சேர்ந்து இறுகி, அதில் ஒரு செடி முளைத்து, வேர் மட்டும் இரண்டு முழத்துக்கு ஜடை மாதிரி பின்னிக் கிடந்தது. எத்தனை வருடம் இந்தச் சுவர் தண்ணீர் குடித்ததோ. அதைச் சரிசெய்ய அரை நாள், ஒரு புதுக் குழாய், இரண்டு முழங்கை இணைப்பு, அவ்வளவுதான் ஆனது.

ஆனால் காய்வதற்கு விட்டுவிட வேண்டும். மாதத்துக்கு ஒரு அங்குலம் காயும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார் எஞ்சினீயர். ஒன்பது அங்குலச் சுவர். பூச்சைக் கொத்திவிட்டு, செங்கல் தெரிய, ஒன்பது மாதம் அப்படியே விட்டோம். வருகிறவர்கள் எல்லாம் ஏன் இன்னும் பூசவில்லை என்று கேட்டார்கள். சுவர் காயக் காய, உள்ளே கரைந்திருந்த உப்பு வெளியே வந்து பூத்தது. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ள வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைச் செய்தேன். முதலில் ஒரு முறம் நிறைய வந்தது. கடைசியில் ஒரு கைப்பிடிகூட இல்லை. அந்தச் சுவரின் மேல் எனக்கு இருக்கிற பாசம் உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

ஒயரிங் பற்றியும் கேட்டிருந்தாய். அதில் யோசிக்கவே வேண்டாம், பழசு என்றால் முழுவதும் மாற்றிவிடு. எங்கள் வீட்டில் மூன்று துளை பிளக் பாயிண்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது, எர்த் திருகில் ஒயரே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது மாதிரிதான் தெரியும். ஒயரின் மேலுறை தொட்டதும் உதிர்ந்தது. சின்னவள் கை வைக்கிற உயரம் அது, நினைத்தால் இன்றைக்கும் உடம்பு நடுங்குகிறது. புதிதாகப் போடும்போது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச் போடச் சொல். சுவர் பூசுவதற்கு முன்பே இதெல்லாம் முடிந்துவிட வேண்டும். பழைய இரும்புத் தண்ணீர்க் குழாயும் அப்படித்தான். எங்கள் ப்ளம்பர் அறுத்துக் காட்டிய துண்டில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம், மற்றதெல்லாம் துரு.

இன்னொரு எச்சரிக்கை. பழைய ஜன்னல், கதவுகளில் இருக்கும் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளை வைத்து உலர்வாகத் தேய்க்க விடாதே, அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் உடைக்கவோ துளைக்கவோ கூடாது, அதைப் பிரிக்கத் தெரிந்த ஆளைத்தான் கூப்பிட வேண்டும். அதில் எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

பணத்துக்கு வருகிறேன். அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டு. எங்களுக்கு வங்கி வீட்டுக்குத்தான் கடன் தந்தது. பழுது பார்க்கும் செலவு அநேகமாகக் கைக்காசுதான், அதனால் சேமிப்பை முழுவதும் முன்பணத்தில் கொட்டிவிடாதீர்கள். நாங்கள் மதிப்பீட்டுக்கு மேல் 20 சதவீதம் தனியாக எடுத்து வைத்தோம். அதில் ஒரு பைசா மிஞ்சவில்லை. 8 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு கட்டி முடிப்போம். அதையே 15 வருடத்தில் கட்டினால் ஏறக்குறைய 1.7 மடங்குதான். மலிவான வீட்டை வாங்கியதால் எங்களால் 15 வருடக் கடன் எடுக்க முடிந்தது. அந்த ஓதச் சுவரையும் துருப்பிடித்த கம்பியையும் பொறுத்துக்கொண்டதற்கு அதுதான் கூலி என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

வேலைக்கு முன்கூட்டியே பணம் கொடுத்துவிட்டு நாங்கள் ஒரு முறை பட்டோம். முதலில் வந்த கான்ட்ராக்டர் பாதித் தொகையை வாங்கிக்கொண்டு, குளியலறையை இடித்துப் போட்டதோடு வரவில்லை. ஆறு வாரம் பக்கத்து வீட்டு அக்காவின் தயவில் குளித்தோம். அதற்குப் பிறகு இன்ன வேலை முடிந்தால் இவ்வளவு என்று எழுதி வைத்துக்கொண்டு, பார்த்துத் திருப்தியான பிறகுதான் கொடுத்தோம். நல்ல ஆட்கள் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

நடுவில் எங்களுக்குள் சண்டையும் வந்தது. ஒரே அறையில் மூன்று பேர், எங்கே பார்த்தாலும் தூசி, குழந்தைக்கு இருமல். ஒரு ராத்திரி அவர் "இதை விற்றுவிட்டுத் திரும்ப வாடகைக்கே போய்விடலாமா" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் அழுதேன். மறுநாள் அவரே சீக்கிரம் எழுந்து சமையலறை ஜன்னலைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

குடி வந்ததும் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருக்கும் சுவரை இடித்துப் பெரிதாக்க ஆசைப்பட்டோம். மேல்தளத்தின் பாரம் அதில்தான் இறங்குகிறது, இடித்தால் உத்தரம் கொடுக்க வேண்டும் என்றார் எஞ்சினீயர். பணம் இல்லாததால் தள்ளிப் போட்டோம். நாலு மாதம் இருந்து பார்த்ததில் அந்தச் சுவர் இருப்பதே நல்லது என்று தெரிந்தது. சாயங்கால வெயில் சமையலறையோடு நின்றுவிடுகிறது, ஹால் குளுகுளுவென்று இருக்கிறது. அவசரம் இல்லாத வேலைகளைக் கொஞ்ச நாள் அந்த வீட்டில் இருந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போன வாரம் அந்த ஓதச் சுவரைப் பூசி, பெயிண்ட் அடித்து முடித்தார்கள். சின்னவள் வரைந்த படத்தை மாட்ட ஒரு ஆணி அடித்தேன். வாடகை வீடுகளில் பன்னிரண்டு வருடம் ஒரு ஆணிக்கு அனுமதி கேட்ட கை இது. உள்ளே இறங்கும்போது பொலபொலவென்று உதிராமல், கெட்டியாகப் பிடித்தது.

உங்கள் வீட்டில் மரத்தை ஒட்டிய பக்கத்தில் விரிசல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மயிரிழை மாதிரி இருந்தால் பூச்சு விரிசலாக இருக்கலாம். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக ஏறுகிறதா, சுண்டு விரல் நகம் நுழைகிறதா என்று பார். விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி வை. விற்கிறவர் சம்மதித்தால் ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள், கோட்டைத் தாண்டியிருந்தால் வேர் அஸ்திவாரம் வரை போயிருக்கிறதா என்று ஒரு எஞ்சினீயர் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

வெயில் நாளில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதே. மழை வருகிற மாதிரி இருந்தால் உடனே போன் பண்ணு, நான் வருகிறேன். டார்ச் என்னிடம் இருக்கிறது, ஒரு குடை மட்டும் கூட எடுத்து வை.

அம்மாவுக்கும் அண்ணனுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி