கோணல் எழுத்தில் ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. இரண்டு மாதமாக ஒரு வரிகூட எழுதாதவனுக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் மூன்றரைப் பக்கம் திட்டு. போனிலும் “நன்றாக இருக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிடுகிறேன் என்கிறாய், உண்மைதான். எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. குளிரில் விரல் மடங்கவில்லை, அவ்வளவுதான்.

போட்டோவில் என் காலில் கட்டியிருக்கும் பலகை என்ன என்று அம்மா கேட்டாளாம். அதுதான் ஸ்னோபோர்டு, இரண்டு காலையும் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் பலகை. கீழ்வீட்டுப் பெரியவர் கொடுத்தது. விடுதிச் சமையலறையில் வேலை செய்கிற எங்களுக்கு மலைக்குப் போகும் லிப்டில் கட்டணம் கிடையாது. விடுமுறை நாளில் அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

அந்தப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், மலையில் மீட்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அவருடைய கிறுக்கு இன்னும் முற்றிவிட்டது. இங்கே சுவிட்சர்லாந்தில், டாவோஸ் என்ற ஊரில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை ஐந்து மணிக்குப் பனிச்சரிவு அறிக்கை வெளியிடும். ஐந்து மணி அடித்த கொஞ்ச நேரத்தில் என் கதவு தட்டப்படும். திறந்தால் மூன்று விரலைக் காட்டுவார், சில நாள் இரண்டு விரல். அபாயம் 1 முதல் 5 வரையில் எத்தனை என்று அர்த்தம். காட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போய்விடுவார். மறுநாள் நான் மலைக்கே போகப் போவதில்லை என்றாலும் இது நடக்கும். சில நாட்களில் அன்று என்னைத் தேடி வந்த ஒரே ஆள் அவர்தான்.

பனிச்சரிவு என்றதும் அம்மா சாமி அறைக்குப் போய்விடுவாள், அதனால் இதையும் படித்துக் காட்டு. மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில் அவர்களோ கூட வந்தவர்களோதான் அந்தச் சரிவைக் கிளப்பிவிடுகிறார்கள். குறியிட்ட தடத்தை விட்டு, முப்பது பாகைக்கு மேல் சாய்ந்த புதுப் பனியில் இறங்குகிறவர்களின் வினை அது. புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தாக வேண்டும். மீட்பு எண்ணான 1414-ஐ அழைத்தால் ஹெலிகாப்டர் வரும்தான், ஆனால் அது வரும்வரை பனி காத்திருக்காது. பக்கத்தில் இருப்பவன்தான் சமிக்ஞைக் கருவியால் தேடி, நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, மண்வாரியால் தோண்ட வேண்டும். என்னிடம் இந்த மூன்றும் இல்லை. அதனால் தடத்தை விட்டு நான் இறங்குவதே இல்லை.

தடத்துக்கும் நிறம் உண்டு: எளிதானது நீலம், நடுத்தரம் சிவப்பு, கடினமானது கறுப்பு. நான் நீலம். பத்துச் சட்டங்களும் உண்டு, சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 1967-இல் வகுத்தவை. பெரியவர் முதலில் எனக்கு மனப்பாடம் செய்வித்தது அவற்றைத்தான். முன்னால் போகிறவனுக்கு முதுகில் கண் இல்லை, ஆகவே பின்னால் வருகிறவன்தான் அவனைக் காப்பாற்றிப் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறுகலான இடத்திலும், மேட்டுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் நிற்கக் கூடாது. சாயங்காலம் தடத்தை மூடிய பிறகு ஒருபோதும் போகக் கூடாது. அப்போது பனியைச் சமன் செய்யும் இயந்திரங்கள் செங்குத்தான இடங்களில் எஃகுக் கயிற்றில் கட்டிக்கொண்டு வேலை செய்யும். கயிறு பல நூறு மீட்டர் நீளம், இருட்டில் கண்ணில் படாது. கிடந்த கயிறு திடீரென்று விறைத்து எழுந்தால் ஆள் தப்ப முடியாது. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறும். யாரையோ பார்த்திருக்கிறார் போலும், நான் கேட்கவில்லை.

இந்தப் பத்தியை அம்மாவுக்குப் படிக்காதே. ஸ்கீயில், அதாவது காலுக்கு ஒன்றாகக் கட்டும் நீளப் பலகையில், விழுந்தால் பைண்டிங் என்கிற காலணிப் பூட்டு கழன்றுகொள்ளும். எடை, உயரம், வயது, பழக்கம் எல்லாம் கேட்டு அதன் பிடியை அளந்து வைப்பார்கள், அதனால் எடையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஸ்னோபோர்டு அப்படிக் கழலாது. விழுகிறவன் கையை ஊன்றுவான், மணிக்கட்டு போய்விடும். விரலை மடக்கி, முன்கை படும்படி விழு, மணிக்கட்டுக் காப்பு வாங்கிப் போடு என்று பெரியவர் நவம்பரிலேயே சொன்னார். காப்பை அடுத்த மாதம் வாங்கலாம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு அதற்கும் அடுத்த மாதம். ஹெல்மெட் போட்டிருந்தேன், அதனால் தலைக்கு ஒன்றுமில்லை. வெளியே கீறல்கூட இல்லாத அந்த ஹெல்மெட்டைப் பெரியவர் குப்பையில் போட்டுவிட்டார். ஒரு பலத்த அடி வாங்கியதை மறுபடி நம்பக் கூடாதாம்.

விழுந்த அன்று மூடுபனி. வானமும் தரையும் ஒரே வெள்ளை, மேடு எது பள்ளம் எது என்று தெரியவில்லை. உட்கார்ந்தபடி கத்திப் பார்த்தேன். என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. சிறு வயதில் இருட்டியதும் நீ மாடியில் நின்று என் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவாயே, இரண்டு முறை கேட்டும் கேட்காதது போல விளையாடிக்கொண்டிருப்பேனே. அன்றைக்கு நீ ஒரு முறை கூப்பிட்டிருந்தால் போதும், ஓடி வந்திருப்பேன்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மாடி ஒழுகுவதற்குச் சின்ன மாமா சொன்ன ஆளையே பார்க்கச் சொல், ஆனால் பாதிப் பணத்தை வேலை முடிந்த பிறகு கொடு. இந்த மாதப் பணம் கொஞ்சம் பிந்தும், வங்கியில் ஏதோ தாமதம். செல்வியின் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் தவணையாகக் கட்ட முடியுமா என்று கேட்டுப் பார். அம்மாவின் கண் சிகிச்சையை மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள், எனக்காகக் காத்திருக்க வேண்டாம். தம்பி இங்கே வரத் துடிக்கிறானாம், தேர்வை முடிக்கட்டும், பிறகு பேசலாம்.

நிலப் பத்திரத்துக்கு நான்கு இடத்தில் கையெழுத்து கேட்டு அனுப்பியிருந்தாய். இடது கையால் போட்டுப் பார்த்தேன், பழைய கையெழுத்தோடு ஒட்டவே இல்லை. மூன்று வாரத்தில் கட்டுப் பிரிப்பார்கள். அதுவரை பொறுத்துக்கொள்ளும்படி மாமாவிடம் சொல், காரணம் சொல்லாதே.

உன் தம்பி